அந்தியூர் சந்தையில் என் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்: சேலத்தில் இருந்துகொண்டு குதிரைப் படம் எடுத்துப் பிழைக்க முடியுமா?

அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஆகஸ்ட் 18, இரவு 10:12

வணக்கம். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. இந்த வருடம் ஒரு மாறுதலுக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். இரண்டு நாள், இரண்டாயிரத்துச் சொச்சம் படம். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை மயிருக்கு அடியில் ரோஸ் தோல் தெரிகிற நுக்ரா என்று அதுவரை பேர்கூடக் கேள்விப்படாத குதிரைகள். சாப்பாடு மறந்துபோய்ச் சுற்றினேன்.

ஒரு கருப்பு மார்வாரிக்கு மட்டும் ஐம்பது படம் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து, உரிமையாளரிடம் கேமராத் திரையைக் காட்டினேன். எழுபது வயது இருக்கும். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது என் குதிரை இல்லை. தலை யானைத் தலை, பின்னாடி வெள்ளாட்டுக் குட்டி. இதென்ன குதிரையா, கழுதையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவமானமாக இருந்தது. ஆனால் ஊருக்கு வந்த பிறகும் குதிரை ஞாபகம் போகவில்லை. இரண்டு கேள்வி. எங்கே தப்பு செய்தேன்? இதை மட்டும் தொழிலாக வைத்து ஒருவர் வாழ முடியுமா? ஆறு படம் இணைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.


தட்டுவடை_செட்
ஆகஸ்ட் 18, இரவு 10:31

மூன்றாவது படத்தில் குதிரை முதுகில் கரண்ட் கம்பம் முளைத்திருக்கிறது. அது எந்த ஜாதிக் குதிரை?


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 19, காலை 6:05

ஸ்டூடியோ தம்பி, ஆறு படத்தையும் பார்த்தேன். கூச்சப்பட வேண்டாம். இதே தப்புகளை நானும் ஃபிலிம் காலத்தில் செய்திருக்கிறேன், அதுவும் ஒவ்வொரு தப்புக்கும் காசு கொடுத்து.

அந்தப் பெரியவர் சொன்னது சரி. 35 மி.மீ. லென்ஸ் வைத்து ஆறடி தூரத்தில் தலைப் பக்கமாக நின்று எடுத்திருக்கிறீர்கள். குதிரை மூக்கிலிருந்து வால் வரை எட்டடி நீளம். கிட்டே நின்றால் பக்கத்தில் இருக்கிற தலை ஊதும், தள்ளி இருக்கிற பின்பக்கம் சுருங்கும். மணப்பெண்ணுக்கு 35 மி.மீ. வைத்து முகத்தருகே போவீர்களா? மாட்டீர்கள் அல்லவா. 70-200 ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் 135-க்கு மேல் வைத்துக்கொண்டு பதினைந்து தப்படி பின்னால் போங்கள். நிற்க வேண்டிய இடம் தலைக்கு எதிரே அல்ல, விலாவுக்கு எதிரே. கேமரா உங்கள் கண் உயரத்தில் இருக்கக் கூடாது, குதிரையின் வயிற்று உயரத்துக்கு இறங்க வேண்டும். முட்டி போடுங்கள். குதிரைப் படக்காரனுக்குக் கேமராவுக்கு முன்னால் தேய்வது பேன்ட் முட்டிதான்.

விற்பனைக்கான நிலைப்படம் என்றால் நான்கு காலும் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் இரண்டு கால்தான் தெரிகிறது, குதிரை நாற்காலி மாதிரி நிற்கிறது. நம் பக்கத்து முன்கால் கொஞ்சம் முன்னே, நம் பக்கத்துப் பின்கால் கொஞ்சம் பின்னே. அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கால்கள் நடுவில் தெரியும். வாங்குகிறவன் கண் முதலில் போவது முகத்துக்கு அல்ல, முழங்காலுக்கும் குளம்புக்கும்.

அப்புறம் காது. மார்வாரி, கத்தியவாரிக்குக் காதுதான் அடையாளம். நுனி உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும். உங்கள் ஐந்தாம் படத்தில் இரண்டு காதும் பின்னால் படுத்திருக்கிறது. அது எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அரை அடி கிட்டே போயிருந்தால் கடித்திருக்கும், கடவுள் காப்பாற்றினார்.

வாழ முடியுமா என்ற கேள்விக்கு ராத்திரி எழுதுகிறேன். இப்போது ஏற்காட்டில் மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது.


பஞ்சகல்யாணி
ஆகஸ்ட் 19, காலை 9:40

ஓமலூர் பக்கம். வீட்டில் மூன்று உருப்படி வைத்திருக்கிறேன். என் பேருக்குக் காரணமானவள் நான்கு காலும் நெற்றியும் வெள்ளையான செவலை.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குதிரையைப் புல்லில் நிறுத்தி எடுக்காதீர்கள். உங்களுக்கு அழகாக இருக்கும். எங்களுக்கு, "குளம்பை மறைக்கிறான்டா" என்றுதான் தோன்றும். மேட்டில் முன்காலும் பள்ளத்தில் பின்காலும் வைத்து எடுத்தால் தோள் நிமிர்ந்து காட்டும், அதையும் கண்டுபிடித்துவிடுவோம். தட்டையான கெட்டித் தரை, பின்னால் வெறும் சுவர். போதும்.


அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஆகஸ்ட் 19, மதியம் 1:15

நெகடிவ் ஐயா, மிக்க நன்றி. காதை எப்படி முன்னால் கொண்டுவருவது? கனைப்புச் சத்தத்தை போனில் போட்டுக் காட்டினேன். முதல் தடவை நிமிர்ந்தது, மூன்றாம் தடவை திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு சந்தேகம்: கருப்புக் குதிரை எல்லாப் படத்திலும் சாம்பல் நிறமாக, புழுதி படிந்த மாதிரி வருகிறது. நுக்ராவும் சாம்பல்தான்.


மலைப்பாதை_20
ஆகஸ்ட் 19, மாலை 4:50

காதுக்கு நான் சொல்கிறேன். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் இரண்டு மட்டக்குதிரை வைத்து, பிள்ளைகளுக்கு ஏறக் கற்றுக்கொடுக்கிறேன். குதிரை புத்திசாலி, ஏமாற்றுச் சத்தத்துக்கு இரண்டு தடவைதான் மயங்கும். ஒரு தகர வாளியில் ஒரு பிடி கொள்ளு போட்டுக் குலுக்குங்கள், ஆனால் கடைசியில் அந்தக் கொள்ளைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த முறை வாளியும் வேலை செய்யாது. குலுக்குகிற ஆள் குதிரைக்கு நேர் முன்னால், தள்ளி நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நின்றால் குதிரை கேமராவைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிவிடும்.

இன்னொன்று, குதிரைக்குக் கண் பக்கவாட்டில். கிட்டத்தட்ட முதுகுக்குப் பின்னால் வரை தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்ச இடமும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்திலிருந்து திடீரென்று முளைக்கிறவனைத்தான் உதைக்கும். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். கல்யாண வீட்டில் அடிக்கிற ஃபிளாஷை தயவுசெய்து கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 19, இரவு 9:20

கருப்பு சாம்பலாக வருவது கேமராவின் குணம். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்கிற மடையன். ஃபிரேம் முழுக்கக் கருப்பு இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை இருந்தால் குறைக்கும். நாம் எதிராகத் திருப்ப வேண்டும். கருப்புக்கு வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறை, நுக்ராவுக்கு ஒரு ஸ்டாப் கூட்டு. பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியும் எடுத்த கைதானே, உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். குதிரையைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டீர்கள்.

இப்போது தொழில். நான் முப்பது வருடம் இதில் இருந்தேன். கிண்டி, ஊட்டி, பெங்களூர் பந்தயத் திடல்கள், அப்புறம் குதிரைப் பண்ணைகள். கடைசியாக முட்டியும் முதுகும் போய், இங்கே மலையில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் செட்டில் ஆகிவிட்டேன். 1974-இல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு இழுத்து இழுத்து, 1996-இல்தான் உச்ச நீதிமன்றம், இது சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய வருடங்களில் பந்தயத்தை நம்பிப் பிழைத்த ஒவ்வொருவனும், லாயத்தில் சாணி அள்ளுகிறவரிலிருந்து என்னைப் போன்றவன் வரை, "அடுத்த சீசன் உண்டா" என்று கேட்டுக்கொண்டேதான் தூங்கினோம்.

பந்தயத்தில் படக்காரனுக்கு என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. முடிவுக் கோட்டில் எடுக்கிற படம் நான் எடுப்பது இல்லை, அதற்குத் தனிக் கருவி. அந்தக் கேமரா கோட்டை மட்டும், நூல் அகலத்துக்கு, இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். எந்த மூக்கு முதலில் கோட்டைத் தொட்டதோ அது முன்னால் விழும். என் வேலை ஜெயித்த குதிரையை உரிமையாளரோடு நிறுத்தி எடுப்பது, காலையில் பயிற்சி ஓட்டம் எடுப்பது. ஜெயித்த படம் உடனே விற்கும். தோற்ற குதிரையின் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள், அதன் குதிரைக்காரரைத் தவிர. அவரிடம் காசு இருக்காது. நிறையப் படம் அப்படி இலவசமாகப் போயிருக்கிறது.

ஓடுகிற குதிரைக்கு ஷட்டர் கணக்கு இதுதான். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குப் பதினேழு மீட்டர். ஷட்டரை 1/250 நொடியில் வைத்து எடுத்தால் அந்த நேரத்துக்குள் உடம்பு ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000-இல் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். குளம்பு உடம்பைவிட வேகமாக முன்னே வீசும், அதனால் 1/2000 வைத்தாலும் தப்பில்லை.

வேகத்தைவிட முக்கியம் எந்த நொடியில் அமுக்குவது என்பது. கோயில் சுவரிலும் காலண்டரிலும் பாய்கிற குதிரை எப்படி இருக்கும்? முன்கால் இரண்டும் முன்னே நீண்டு, பின்கால் இரண்டும் பின்னே நீண்டு, வயிறு தரைக்கு மேலே மிதக்கும். ஐரோப்பாவிலும் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். 1878 ஜூனில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரமாகப் பன்னிரண்டு கேமராவை வரிசையாக வைத்து, நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓடும்போது ஒவ்வொன்றாகத் திறக்கிற மாதிரி செய்து எடுத்தார். நான்கு காலும் தரையில் இல்லாத நொடி உண்டு என்று அதில் தெரிந்தது. ஆனால் அந்த நொடியில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்குக் கீழே ஒன்றாக மடங்கியிருந்தன. அத்தனை நூறு வருடம் கண் பார்த்தது எல்லாம் பொய்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உண்மையான நொடியைப் படமாக எடுத்துக் கொடுத்தால் உரிமையாளருக்குப் பிடிக்காது. "என்ன சார், தடுக்கி விழுகிற மாதிரி இருக்கு" என்பார். முன்கால் நீளுகிற நொடிதான் விலைபோகும்.


தட்டுவடை_செட்
ஆகஸ்ட் 19, இரவு 9:52

ஐயா, எங்கள் தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் ஜட்கா ஓட்டினவர். அவர் குதிரை நான்கு காலையும் தரையில் வைத்து நிற்பதைத்தான் அதிகம் பார்த்ததாகப் பாட்டி சொல்லும். அதற்கு ஷட்டர் எவ்வளவு?


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 19, இரவு 9:58

அதற்கு ட்ரைபாட் போதும்.


அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஆகஸ்ட் 26, இரவு 11:03

ஒரு வாரமாக நிறையக் கற்றுக்கொண்டேன். பஞ்சகல்யாணி அண்ணன் அவர் வீட்டில் வந்து பழகச் சொன்னார், இரண்டு காலை போய் வந்தேன். எட்டு மணிக்கு மேல் சேலம் வெயிலில் வயிற்று நிழல் விழுந்து படம் கெடுகிறது என்று புரிந்தது. மாம்பழச் சீசன் முடிந்தும் ஈ விடவில்லை. வேப்பெண்ணெய் தடவினால் ஈ போகிறது, ஆனால் புழுதி ஒட்டிக்கொள்கிறது.

இப்போது ஒரு சிக்கல். அந்தியூரில் பழக்கமான ஒரு வியாபாரி போன் செய்தார். நான்கு குதிரைக்கு நிலைப்படம் வேண்டும், ஒரு குதிரைக்கு 1,500. நல்ல காசு. ஆனால் அதில் ஒன்றுக்கு முழங்காலில் பழைய தழும்பு, அதைக் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்கிறார். இன்னொன்றுக்குக் கழுத்தில் ஆகாத சுழி இருக்கிறதாம், அதையும் எடுத்துவிடச் சொல்கிறார். "கல்யாணப் பொண்ணுக்குப் பரு அழிக்கலையா?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.


பஞ்சகல்யாணி
ஆகஸ்ட் 27, காலை 7:30

உண்மையைச் சொல்கிறேன், இது நடக்கிறதுதான். போனில் வருகிற படத்தைப் பார்த்து அட்வான்ஸ் போடுகிற காலம். சுழி சரியில்லை என்றால் குதிரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலை இறங்கும். நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவன் விடட்டும், சந்தையில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நீங்கள் செய்யாவிட்டால் போனிலேயே செய்து கொடுக்க ஆள் இருக்கிறது.


கால்நடை_மருத்துவர்
ஆகஸ்ட் 27, காலை 10:15

சுழிக்கும் வாங்குகிறவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சுழிக்கு வேறு ஒரு பயன் உண்டு. பிறந்ததிலிருந்து சாகும்வரை அது இடம் மாறாது. அதனால்தான் பந்தயக் குதிரைகளின் அடையாளப் புத்தகத்தில் நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை இவற்றோடு சுழிகளையும் குறித்துவைக்கிறார்கள். ஒரே நிறத்தில் பத்துச் செவலை நின்றால் எது எது என்று பிரிப்பது இவற்றை வைத்துத்தான். நீங்கள் சுழியை அழித்தால் அந்தக் குதிரையின் கைரேகையை அழிக்கிறீர்கள். நாளைக்குத் திருட்டு வழக்கு, காப்பீடு என்று ஏதாவது வந்தால் அந்தப் படம் அந்தக் குதிரையுடையது ஆகாது.

முழங்கால் தழும்பு அதைவிட மோசம். முழங்காலில் தழும்பு இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது தடுக்கி விழுகிற குதிரையா என்பது. அதன்மேல் ஒரு பிள்ளையை ஏற்றுவார்கள்.


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 27, இரவு 8:45

மதுரையில் நரியைப் பரியாக்கிக் காட்டியது சிவபெருமான். அவர் செய்த பரிகளே அன்று ராத்திரி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அடி வாங்கியது மாணிக்கவாசகர். நீங்கள் செய்கிற பரி எத்தனை நாள் தாங்கும்?

பருவுக்கு வருகிறேன். பரு ஒரு வாரத்தில் போகும். போகப்போவதை நீங்கள் முன்கூட்டியே எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். குதிரையிலும் நான் அப்படிச் சிலது செய்வேன். மூக்கில் ஒட்டிய வைக்கோல், உடம்பில் உட்கார்ந்த ஈ, வாயோர நுரை, பின்னால் கிடக்கிற பிளாஸ்டிக் கவர் எல்லாம் போகும். தலைக்கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளைக்கூட எடுத்துவிடுவேன். குதிரையோடு பிறந்தது, குதிரையோடு போகிறது எதையும் தொட மாட்டேன். இது என் கோடு. உங்கள் கோட்டை நீங்கள் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எங்கே என்று அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாங்கின பிறகு கோடு நகரும்.


பஞ்சகல்யாணி
ஆகஸ்ட் 27, இரவு 9:10

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 6,000 ரூபாயை விட்டுவிடு என்று மலைமேல் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். தம்பிக்குக் கடை வாடகை இருக்கிறது.


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 27, இரவு 9:31

அதுவும் சரிதான். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஒரு குதிரைக்குப் பின்கால் வளைவு அதிகம். படத்தில் தெரியாமல் இருக்க ஒரு எட்டு முன்னே எடுத்துவைக்கும்போது பிடித்துக் கொடுத்தேன். அழிக்கவில்லை, ஆனால் மறைத்தேன். வாங்கினவர் எனக்கும் தெரிந்தவர். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் என்னைப் படம் எடுக்கக் கூப்பிடவும் இல்லை.


வழக்கறிஞர்_அழகாபுரம்
ஆகஸ்ட் 28, காலை 11:00

தொழிலாகச் செய்யப் போகிறவருக்கு ஒரு தகவல். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. ஒருவர் காசு கொடுத்து உங்களைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் படத்தின் முதல் உரிமை அவருக்குத்தான். எடுத்தவருக்கு அல்ல. கல்யாண வேலையில் இது யாருக்கும் உறைக்காது, இன்னொருவர் கல்யாணப் படத்தை யார் வாங்கப் போகிறார்கள்? குதிரைப் படம் அப்படி இல்லை. காலண்டருக்குப் போகும், தீவனப் பைக்குப் போகும், லாரி பின்பக்கம்கூடப் போகும். ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.


பழைய_நெகடிவ்
ஆகஸ்ட் 28, மதியம் 12:20

தீவனப் பை என்றாரே, சிரிப்பு வந்தது. என் படம் ஒன்று ஒரு கம்பெனியின் மாட்டுத் தீவனப் பையில் வந்தது. குதிரைப் படம், மாட்டுத் தீவனம். காசும் தரவில்லை, பேரும் போடவில்லை. கையில் எழுத்து இல்லாததால் வாயைத் திறக்கவும் வழியில்லை. இரண்டு பையை வாங்கிவந்து தோட்டத்தில் குப்பை அள்ள வைத்துக்கொண்டேன்.


மலைப்பாதை_20
ஆகஸ்ட் 28, மாலை 5:35

எல்லோரும் விற்பனைப் படத்தையே பேசுகிறீர்கள். எனக்கு வேறு ஒரு வருத்தம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குதிரையைப் பின்னங்காலில் நிற்கவைத்து, ஆடவைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்த ஆட்டம் பல இடத்தில் சந்தோஷத்தில் ஆடுவது இல்லை. வாயில் முள் வைத்த கடிவாளம். நாக்கும் வாயோரமும் கிழிந்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். 1965-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. ஸ்டூடியோ தம்பி, உங்கள் இரண்டாம் படத்தில், நுக்ரா தூக்கி நிற்கிறதே, வாயைப் பெரிதாக்கிப் பாருங்கள்.


அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஆகஸ்ட் 28, இரவு 10:44

பார்த்தேன் அக்கா. வாயோரத்தில் சிவப்பாக இருப்பது குஞ்சம் என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்தை இங்கிருந்து எடுத்துவிட்டேன். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த படமாக இருந்தது.


தட்டுவடை_செட்
ஆகஸ்ட் 28, இரவு 11:02

தூக்கி நிற்கிற குதிரை வேண்டும் என்றால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். தூணில் நிற்கிறது, காலை இறக்காது, கடிக்காது, கொள்ளும் கேட்காது. காதும் எப்போதும் ஒரே மாதிரி.

(இது கிண்டல் இல்லை. பக்கத்து வெளிச்சத்தில் அதை எடுத்துப் பழகினால் தசை எப்படித் தெரிய வேண்டும் என்று புரியும். நான் போன் கேமராவிலேயே எடுத்திருக்கிறேன்.)


அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஜனவரி 21, இரவு 9:18

கிட்டத்தட்ட ஐந்து மாதம் கழித்து வருகிறேன். கல்யாண சீசன், அப்புறம் மார்கழி.

வியாபாரியின் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கில் இரண்டு குதிரைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தேன், 3,000 ரூபாய். மற்ற இரண்டையும் அவர் வேறு யாரிடமோ செய்துகொண்டார். பஞ்சகல்யாணி அண்ணன் சொன்னது நடந்தது.

மார்கழியில் மலைப்பாதை அக்கா கூப்பிட்டதால் ஏற்காடு போனேன். அடிவாரத்தில் ஐந்து மணிக்குக் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏசி போட்ட காரில் ஏறினேன். மேலே கதவைத் திறந்த உடனே லென்ஸ் முழுக்க வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கிறது. அக்கா அந்த அரை மணி நேரமும் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தார். பனி வேறு. பத்தடிக்கு அப்பால் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கேமரா பனியையும் சாம்பலாக்கப் பார்த்தது, ஐயா சொன்ன மாதிரி ஒரு ஸ்டாப் கூட்டினேன்.

ஆறே முக்காலுக்குப் பனி கொஞ்சம் கிழிந்தது. கருப்பு மட்டக்குதிரை தானாகவே தலையைத் தூக்கி, யாரும் வாளி குலுக்காமல், எதையோ கேட்டது. காது இரண்டும் முன்னால். மூச்சு புகையாக வந்தது. ஒன்பது படம் எடுத்தேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. போன வாரம் பஞ்சகல்யாணி அண்ணன் வீட்டில் செவலையை டிராட் என்கிற மிதமான ஓட்டத்தில் ஓடவிட்டுத் தொடர்ச்சியாக எடுத்தேன். வீட்டில் வந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது, இடது முன்கால் தரையில் படுகிற ஒவ்வொரு படத்திலும் தலை மேலே இருந்தது. வலது கால் படும்போது கீழே. முதலில் என் கண் கோளாறு என்று நினைத்தேன். மருத்துவருக்கு அனுப்பினேன்.


கால்நடை_மருத்துவர்
ஜனவரி 21, இரவு 9:50

கண் கோளாறு இல்லை. வலிக்கிற முன்கால் தரையில் படும்போது பாரத்தைக் குறைக்கக் குதிரை தலையைத் தூக்கும். லேசான நொண்டலில் வெறும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. போய்ப் பார்த்தேன். குளம்புக்கு அடியில் சின்னக் கூழாங்கல் குத்தி, உள்ளே சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது. திறந்துவிட்டு மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். பத்து நாள் ஓட்டக் கூடாது.


பஞ்சகல்யாணி
ஜனவரி 21, இரவு 10:05

தினமும் பார்க்கிற என் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். நேற்று வாளியை உதைத்துத் தள்ளினாள்.


பழைய_நெகடிவ்
ஜனவரி 22, காலை 6:10

ஸ்டூடியோ தம்பி, பனிப் படம் ஒன்பதையும் பார்த்தேன். ஏழாவது. மற்ற எட்டையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. சேலத்தில் இருந்துகொண்டு குதிரையை மட்டும் வைத்து வாழ முடியாது. நான் இருந்த காலத்திலேயே பாதி வருடம் பள்ளிக்கூட ஆண்டு விழா எடுத்துத்தான் ஓட்டினேன். கல்யாணத்தை விடாதீர்கள். வருடத்துக்கு நாற்பது நாள் குதிரைக்கு ஒதுக்குங்கள். ஆடியில் அந்தியூர், ஊர்த் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம், மீதி நாள் யார் வீட்டு லாயத்திலாவது சும்மா உட்காருங்கள். லாயத்துக்குப் போகிறவன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


அஸ்தம்பட்டி_ஸ்டூடியோ
ஜனவரி 22, இரவு 8:30

ஊசி நேற்றே போட்டாயிற்று ஐயா, மருத்துவர் திட்டிவிட்டார்.

இன்னொரு செய்தி. அந்தியூரில் சிரித்தாரே, அந்தப் பெரியவருக்குப் பொங்கலுக்கு முன்னால் போய், அதே கருப்பு மார்வாரியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, முட்டி போட்டு எடுத்துக்கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று போன் செய்து, பெரிய சைஸில் சட்டம் போட்டு வேண்டும், முனியப்பன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடித்தாயிற்று என்றார். காசு எவ்வளவு என்று கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது. "சரி, ஒரு மூட்டை கொள்ளு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

என்னிடம் குதிரை இல்லையே, கொள்ளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?


தட்டுவடை_செட்
ஜனவரி 22, இரவு 8:34

ரசம் வையுங்கள். பாதி மூட்டை எனக்கு.


மலைப்பாதை_20
ஜனவரி 22, இரவு 8:41

மீதிப் பாதி இங்கே. ஏழாவது படத்தில் நிற்கிறவனுக்குக் கூலி இன்னும் கொடுக்கவில்லை.